விண்டோஸ்-வி போதுமா, டிட்டோ வேண்டுமா?

விண்டோஸ் 10 அல்லது 11 இருக்கும் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தால், விண்டோஸ் விசையைப் பிடித்துக்கொண்டு வி-யை அழுத்திப் பாருங்கள். சின்னதாக ஒரு பெட்டி திறக்கும். முதல் முறை என்றால், இந்த வசதியை இயக்கட்டுமா என்று ஒரு பொத்தானைக் காட்டும். சரி என்று சொல்லிவிட்டால், அதற்கப்புறம் நீங்கள் காப்பி செய்வதெல்லாம் அந்தப் பெட்டியில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே வரும். காப்பி செய்தது ஒட்டும்வரை தங்கும் இடம் கிளிப்போர்டு, அதில் வந்துபோனவற்றின் இந்தப் பட்டியலுக்குப் பெயர் கிளிப்போர்டு ஹிஸ்டரி. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்தே இது இருக்கிறது. அப்படியும், நாள் முழுக்க கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-வி தட்டுகிற நிறையப் பேர் இதைத் திறந்து பார்த்ததே இல்லை. பார்த்துப் பழகியவர்கள் கொஞ்ச நாளில் அடுத்த கேள்விக்கு வந்துவிடுகிறார்கள்: இதுவே போதுமா, டிட்டோ மாதிரி தனியாக ஒரு கிளிப்போர்டு மேனேஜர் மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாமா?

ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் பொதுவாக எத்தனை உருப்படிகள் நிற்கும், படம் வருமா, தேட முடியுமா என்று பார்த்து முடிவு சொல்வார்கள். நான் முதலில் பார்ப்பது அந்த மென்பொருள் எப்போது மறக்கும் என்பதை. ஒரு நாளில் நாம் காப்பி செய்வதில் பெரும்பகுதி அடுத்த நிமிடமே குப்பை. கொஞ்சம் மட்டும் நாளைக்கும் அடுத்த மாதமும் வேண்டும். இன்னும் கொஞ்சம், பாஸ்வேர்டு, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் போன்றவை, ஒட்டிய கையோடு மறைந்துவிட வேண்டும். இந்த மூன்றில் உங்கள் வேலையில் எது அதிகம் என்று தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

காப்பி-பேஸ்ட் என்ற முறையை 1970-களின் நடுவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஜிப்ஸி என்ற எடிட்டருக்காக உருவாக்கினார்கள். 1983-ல் ஆப்பிள் லிசா கணினி அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. கிளிப்போர்டில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் நிற்கும், புதிது வந்தால் பழையது போய்விடும் என்ற ஏற்பாடுதான் அதற்குப் பிறகு வந்த கணினிகளிலும் நிலைத்தது. ஈமாக்ஸ் என்ற எடிட்டரைப் பயன்படுத்திய புரோகிராமர்களுக்கு மட்டும் வெட்டியதையெல்லாம் வரிசையாக நினைவில் வைக்கும் வசதி ரொம்ப முன்பே இருந்தது. மற்றவர்களுக்கு முதலில் கிடைத்தது மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் வழியாக: ஆபீஸ் 2000-ல் 12 உருப்படிகள், ஆபீஸ் எக்ஸ்பி-யிலிருந்து 24.

ஆபீஸ் கிளிப்போர்டு இன்றைக்கும் வேர்டில் இருக்கிறது. ஹோம் டேபில் இடது ஓரம் 'கிளிப்போர்டு' என்று எழுதியிருக்கும் இடத்தின் மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி தெரியும், அதைத் தட்டினால் பக்கவாட்டில் திறக்கும். இதில் எனக்குப் பிடித்தது 'பேஸ்ட் ஆல்'. நாலைந்து ஆவணங்களிலிருந்து துண்டு துண்டாக எடுத்து, கடைசியில் ஒரே தட்டில் எல்லாவற்றையும் இறக்கிவிடலாம். வேர்டிலும் எக்ஸெலிலும் மட்டுமே வாழ்கிறவர்களுக்கு இதுவே தாராளம். ஆபீஸ் நிரல்களையெல்லாம் மூடினால் பட்டியலும் போய்விடும். பிரவுசரில் வேலை செய்கிறவர்களுக்கு இது உதவாது என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

விண்டோஸ்-வி எந்த மாதிரி வேலைக்குப் பொருந்தும் என்று பார்க்க ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கொள்வோம். விண்ணப்பதாரரின் விவரங்கள் ஒரு பிடிஎஃப்-ல் இருக்கின்றன: பெயர், தந்தை பெயர், முகவரி, சர்வே எண், கைபேசி எண். இவற்றை ஓர் இணையப் படிவத்தில் நிரப்ப வேண்டும். சாதாரணமாகச் செய்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒருமுறை அங்கே போய், காப்பி செய்து, இங்கே வந்து ஒட்ட வேண்டும். ஹிஸ்டரி இருந்தால் பிடிஎஃப்-ல் ஒரே மூச்சில் ஐந்தையும் காப்பி செய்துவிட்டு, படிவத்துக்கு வந்து ஒவ்வொரு கட்டத்திலும் விண்டோஸ்-வி அழுத்தி வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். கடைசியாகக் காப்பி செய்ததுதான் பட்டியலில் மேலே நிற்கும். அதனால் பிடிஎஃப்-ல் கீழிருந்து மேலாகக் காப்பி செய்து வாருங்கள்: முதலில் கைபேசி எண், கடைசியில் பெயர். அப்போது பட்டியலின் வரிசையும் படிவத்தின் வரிசையும் ஒத்துப்போகும், கண் தேடி அலையாது. கணக்கு எண்ணை இரண்டாம் முறை கையால்தான் அடிக்க வேண்டும் என்று பேஸ்டைத் தடுத்து வைத்திருக்கும் தளங்கள் உண்டு. அங்கே எந்த மேனேஜரும் ஒன்றும் செய்ய முடியாது, அடித்துத்தான் ஆக வேண்டும்.

இந்த வேலைக்கு விண்டோஸ்-வி கச்சிதம். ஐந்து உருப்படி, பத்து நிமிடம், அத்தோடு முடிந்தது. அதன் எல்லைகள் அதற்கப்புறம்தான் தெரியவரும். மொத்தம் 25 உருப்படிகள்தான் நிற்கும், 26-ஆவது வந்தால் பழசு ஒன்று வெளியே போகும். ஓர் உருப்படி 4 எம்பி-க்குள் இருக்க வேண்டும். எழுத்துக்கு இது பிரச்சினையே இல்லை. எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடில் தமிழ் எழுத்துகள் பலவும் ஆங்கில எழுத்தைவிட அதிக இடம் பிடிக்கும்தான், ஆனாலும் ஒரு நாவலையே காப்பி செய்தாலும் அந்த அளவைத் தொடுவது கஷ்டம். பெரிய படங்கள்தான் சில சமயம் வராமல் போகும். தேடும் வசதி இல்லை, உருட்டிப் பார்க்க வேண்டியதுதான். 25-க்குள் தேடுவதற்கு அது பெரிய குறையில்லை.

அடிக்கடி வேண்டியதை, போகாமல் குத்தி நிறுத்துவது போல, 'பின்' செய்து வைக்கலாம். ஜிஎஸ்டி எண், அலுவலக முகவரி, ஒவ்வொரு மின்னஞ்சலிலும் போடும் இரண்டு வரி போன்றவை. பின் செய்தவை ரீஸ்டார்ட் ஆனாலும் இருக்கும், 'கிளியர் ஆல்' அடித்தாலும் போகாது. பின் செய்யாதவை ரீஸ்டார்ட் ஆனதும் அழிந்துவிடும். இது குறை என்று புலம்புகிறவர்கள் உண்டு. எனக்கு இதுதான் விண்டோஸ்-வியின் பெரிய நல்ல குணமாகப் படுகிறது. யாரும் எதையும் அமைக்காமலே, கேட்காமலே, தானாக மறக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: லேப்டாப்பை மூடி மூடித் திறக்கிறவர்களுக்கு ரீஸ்டார்ட் என்பது அப்டேட் வந்தால்தான். போன வாரம் காப்பி செய்த ஏதோ ஒன்று அடியில் இன்னும் உட்கார்ந்திருக்கலாம்.

சரி, யாருக்கு இது போதாது? நாள் முழுக்க எழுத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு. மொழிபெயர்ப்பாளர், மெய்ப்புப் பார்ப்பவர், செய்தி அறையில் பிரதி திருத்துகிறவர், கணக்குப் பார்ப்பவர், கணினிக்குக் கோடு (நிரல்) எழுதுகிறவர். இவர்களுக்கு 25 என்பது காலை டீக்குள் தீர்ந்துவிடும். நேற்று ஓர் அத்தியாயத்தில் பயன்படுத்திய கலைச்சொல், போன வாரம் ஒரு வாடிக்கையாளருக்கு எழுதிய பதில் போன்றவற்றைத் திரும்ப எடுக்க வேண்டிவரும். இங்கேதான் டிட்டோ வருகிறது.

டிட்டோ இலவசம், திறமூல (ஓப்பன் சோர்ஸ்) மென்பொருள், விண்டோஸுக்கு மட்டும். நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டக்கூடிய வடிவமும் உண்டு. காப்பி செய்ததையெல்லாம் கணினியிலேயே ஒரு டேட்டாபேஸ் கோப்பில் எழுதி வைக்கும், ரீஸ்டார்ட் ஆனாலும் அப்படியே இருக்கும். திறந்தவுடன் தட்டச்சு செய்ய ஆரம்பித்தால் போதும், பட்டியல் சுருங்கி, அந்த எழுத்துகள் உள்ள உருப்படிகள் மட்டும் நிற்கும். டிட்டோவைப் போடுவதற்கு இந்த ஒரு காரணமே போதும் என்பேன். என்ட்டர் தட்டினால் ஒட்டிவிடும். ஷிஃப்டோடு என்ட்டர் தட்டினால் எழுத்துரு, நிறம், அளவு எல்லாவற்றையும் உதறிவிட்டு வெறும் எழுத்தை மட்டும் ஒட்டும். இணையத்தில் எடுத்த ஒரு பத்தியை வேர்டில் ஒட்டி, அதன்பின் எழுத்துருவைச் சரிசெய்ய மல்லாடியவர்களுக்கு இதன் அருமை தெரியும். விண்டோஸ் 11-ல் விண்டோஸ்-வி பெட்டியில்கூட மூன்று புள்ளியைத் தட்டினால் வெறும் எழுத்தாக ஒட்டும் வழி இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் மூன்று புள்ளியைத் தேடிப் போக யாருக்குப் பொறுமை?

டிட்டோவில் பல உருப்படிகளைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஒரே தடவையில் ஒட்டலாம். அடிக்கடி வேண்டியவற்றைக் குழுவாகப் பிரிக்கலாம். ஓர் உருப்படிக்கு நமக்குப் புரியும் பெயர் வைத்து, தானாக அழியாதபடி பூட்டலாம். ஒரே வலையமைப்பில் இருக்கும் இரண்டு கணினிகளுக்கிடையே மேகத்துக்கு (இணையத்தில் இருக்கும் சேமிப்புக்கு) போகாமலே பரிமாறிக்கொள்ளலாம். நிறுவியதும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, ஒட்டிய உருப்படியைப் பட்டியலின் மேலே ஏற்றிவிடும் பழக்கம் அதற்கு உண்டு. மேலே சொன்ன படிவ வேலையில் இது வரிசையைக் கலைத்துவிடும், அமைப்பில் நிறுத்திவிடலாம். இரண்டாவது ஷார்ட்கட். டிட்டோ தொடக்கத்தில் கண்ட்ரோலோடு எஸ்கேப்புக்குக் கீழே இருக்கும் விசையைப் பிடித்துக்கொள்ளும். விஷுவல் ஸ்டூடியோ கோடில் டெர்மினலைத் திறப்பதும் அதே இரண்டு விசைகள்தான். கோடு எழுதுகிறவர்கள் முதல் நாளே மாற்றிவிடுவது நல்லது.

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்கிரீன்ஷாட் அதிகம் எடுக்கிறவர்களின் டிட்டோ கோப்பு வேகமாக வீங்கும். எந்த வகைகளைச் சேமிக்க வேண்டும் என்ற பட்டியல் அமைப்பில் இருக்கிறது. எழுத்து மட்டும் போதும் என்றால் பட வகையை எடுத்துவிடுங்கள். தேடலும் சுறுசுறுப்பாக இருக்கும்.

காப்பிக்யூ இன்னொரு ரகம். இதுவும் இலவசம், திறமூலம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். பார்த்ததும் பிடித்துப்போகும் முகம் இதற்குக் கிடையாது. திறக்கும் ஷார்ட்கட்டைக்கூட நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இதற்குள் கட்டளை எழுதலாம், அங்கேதான் இதன் பலம். உதாரணத்துக்கு, காப்பி செய்தது வெறும் 12 இலக்க எண்ணாக இருந்தால், நாலு நாலாக இடைவெளி விட்டிருந்தாலும், அதைப் பட்டியலில் சேர்க்காதே என்று ஒரு விதி வைக்கலாம். ஆதார் எண்கள் உள்ளே நுழையவே நுழையாது. குறிப்பிட்ட தலைப்புள்ள சாளரத்திலிருந்து வருவதை ஒதுக்கச் சொல்லலாம். உருப்படிகளை டேபுகளாகப் பிரிக்கலாம், ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதலாம், ஒட்டுவதற்கு முன் அங்கேயே திருத்தலாம், ரகசியமானதை மறையாக்கம் (என்கிரிப்ட்) செய்து வைக்கவும் வழி இருக்கிறது. இதையெல்லாம் அமைக்க ஒரு மாலை நேரம் செலவழிக்கத் தயாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தயாரில்லை என்றால் டிட்டோவே நல்லது. அமைக்காத காப்பிக்யூவால் டிட்டோவைவிடப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

இதுவரை சொன்னது எந்த மொழிக்காரருக்கும் பொருந்தும். தமிழில் வேலை செய்கிறவர்கள் தேர்ந்தெடுக்கும் முன் இன்னும் இரண்டு விஷயங்களைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது பழைய எழுத்துருக்கள். தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010-ல். ஆனால் அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் பாமினி, வானவில் போன்ற பழைய குறியீடுகள் இன்னும் ஓய்ந்தபாடில்லை. அந்த எழுத்துருக்களில் 'தமிழ்' என்று திரையில் தெரிந்தாலும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். எழுத்துரு போர்த்திவிட்டிருக்கும் தோற்றம் அது. கிளிப்போர்டு பட்டியல் தன் சொந்த எழுத்துருவில்தான் காட்டும் என்பதால், பாமினியில் அடித்த பத்தி அங்கே ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். 25 உருப்படியும் அப்படித் தெரிந்தால் எது எந்தப் பத்தி என்று யார் கண்டுபிடிப்பது? இந்த ஆட்களுக்கு விண்டோஸ்-வி கிட்டத்தட்டப் பயனில்லை. டிட்டோவில் உருப்படிக்குப் பெயர் வைக்கலாம், காப்பிக்யூவில் குறிப்பு எழுதலாம் என்று சொன்னேனே, அது இங்கே கை கொடுக்கும். கொஞ்சம் நிரல் தெரிந்தவர் என்றால் இன்னும் ஒரு படி போகலாம். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் பாமினியை யூனிகோடாக மாற்றும் செயல் இருக்கிறது. காப்பிக்யூவிலிருந்து ஒரு கட்டளையாக அதை அழைத்தால், காப்பி செய்த பாமினிப் பத்தியை ஒரு தட்டில் யூனிகோடாக மாற்றி எடுக்கலாம். பழைய கோப்புகளை மாற்றும் வேலை குவிந்து கிடக்கும் பதிப்பகத்துக்கு, காப்பிக்யூவோடு செலவழிக்கும் அந்த மாலை நேரம் வீண் போகாது.

இரண்டாவது தேடல். யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். கொம்பு, கால் இரண்டும் சேர்ந்த ஒரே குறியாக வைக்கலாம், கொம்பு ஒரு குறி, கால் ஒரு குறி என்று தனித்தனியாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். 'கோ', 'கௌ' வரிசைக்கும் இதே கதை. நம் விசைப்பலகைகள் பெரும்பாலும் ஒரே குறியாகத்தான் அடிக்கும். பழைய குறியீட்டிலிருந்து மாற்றிய கோப்புகள், சில பிடிஎஃப்-கள் போன்றவற்றிலிருந்து காப்பி செய்தால் பிரிந்த வடிவம் வந்து சேரும். அப்புறம் நீங்கள் 'கோயம்புத்தூர்' என்று அடித்துத் தேடினால், கண்ணெதிரே இருக்கும் கோயம்புத்தூரை மென்பொருள் இல்லை என்று சொல்லும். குறிகளை அப்படியே ஒப்பிட்டுப் பார்க்கும் எந்தத் தேடலிலும் இது நடக்கும். 'ஸ்ரீ'யும் இப்படித்தான், இரண்டு வேறு எழுத்துகளை வைத்து எழுதப்பட்டிருக்கலாம், பார்வைக்குத் தெரியாது. சுற்றி வளைக்காமல் ஒரு வழி: இந்த உயிர்மெய்களைத் தவிர்த்து, சொல்லின் நடுவிலிருந்து மூன்று நான்கு எழுத்துகளைப் போட்டுத் தேடுங்கள். 'யம்புத்' என்றால் கோயம்புத்தூர் கிடைக்கும், 'ரங்கம்' என்றால் ஸ்ரீரங்கம் கிடைக்கும்.

மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேக்கில் இந்த வசதி ரொம்ப நாளாக இல்லவே இல்லை. 2025-ல் வந்த மேக் ஓஎஸ் 26-ல்தான் ஸ்பாட்லைட் என்ற தேடல் பெட்டிக்குள் கிளிப்போர்டு ஹிஸ்டரி சேர்ந்தது. குறிப்பிட்ட மணி நேரத்துக்குப் பிறகு தானாக அழிந்துவிடும் ஏற்பாடு, எனக்குப் பிடித்த விதம். பழைய மேக், அல்லது நீண்ட நாள் நினைவு வேண்டும் என்றால் மேக்கி என்ற மேனேஜரைப் போடலாம். திறமூலம், எடை குறைவு, தட்டச்சு செய்தால் தேடும். லினக்ஸில் கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப் பயன்படுத்தினால் கிளிப்பர் என்ற மேனேஜர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, விண்டோஸ் விசையோடு வி அங்கேயும் வேலை செய்யும். க்னோம் டெஸ்க்டாப்பில் நீட்சி (எக்ஸ்டென்ஷன்) ஏதாவது ஒன்றைப் போட வேண்டும். லினக்ஸில் எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பின் காலத்துப் பழக்கம் ஒன்று உண்டு: காப்பி செய்த நிரலை மூடிவிட்டால் காப்பி செய்ததும் அதோடு போய்விடும், ஏனென்றால் எழுத்து அந்த நிரலிடம்தான் இருக்கிறது. அதனால் அங்கே ஒரு மேனேஜர் ஓடிக்கொண்டிருப்பது ஆடம்பரம் இல்லை, அவசியம். அதற்குப் பதிலாக வந்த வேலண்டுக்கு மாறியவர்கள் காப்பிக்யூ போடும் முன் தங்கள் டெஸ்க்டாப்பில் அது ஒழுங்காகப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பின்னணியில் இருந்துகொண்டு கிளிப்போர்டைப் படிப்பதை வேலண்டு சும்மா அனுமதிக்காது.

இனி, பெரும்பாலும் கடைசியில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகும் விஷயம்: ரகசியங்கள். கீபாஸ் போன்ற பாஸ்வேர்டு மேனேஜர்கள் காப்பி செய்த பாஸ்வேர்டைச் சில வினாடிகளில் கிளிப்போர்டிலிருந்து துடைத்துவிடும். கீபாஸில் முதலில் வைத்திருப்பது 12 வினாடி. ஆனால் கிளிப்போர்டைத் துடைப்பது வேறு, ஹிஸ்டரியைத் துடைப்பது வேறு. பாஸ்வேர்டு வந்த அந்தக் கணத்திலேயே ஹிஸ்டரி அதைத் தன் பட்டியலில் எழுதிக்கொண்டிருக்கலாம். இதைத் தடுக்க, 'இதைப் பதிவு செய்யாதே' என்று ஒரு குறிப்பையும் எழுத்தோடு சேர்த்து அனுப்பும் முறை விண்டோஸில் இருக்கிறது. கீபாஸ் போன்ற நல்ல பாஸ்வேர்டு மேனேஜர்கள் அப்படி அனுப்பும், விண்டோஸ்-வி அதை மதிக்கும். நீங்கள் வைத்திருக்கும் இரண்டு மென்பொருள்களும் ஒன்றையொன்று புரிந்துகொள்கின்றனவா என்று ஊகிக்க வேண்டாம். உங்கள் பாஸ்வேர்டு மேனேஜரில் சும்மா ஒரு பொய்க் கணக்கு உருவாக்கி, அதன் பாஸ்வேர்டைக் காப்பி செய்து, ஹிஸ்டரியைத் திறந்து பாருங்கள். அங்கே இருந்தால், அந்தப் பாஸ்வேர்டு மேனேஜரை ஒதுக்கும் நிரல்களின் பட்டியலில் சேர்க்க வேண்டும். டிட்டோவிலும் காப்பிக்யூவிலும் அதற்கு இடம் இருக்கிறது.

பாஸ்வேர்டுகளை எக்ஸெல் கோப்பிலோ, வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிய செய்தியிலோ வைத்திருப்பவர்களை இந்தப் பாதுகாப்பு எதுவும் காப்பாற்றாது. எக்ஸெலுக்கு எது பாஸ்வேர்டு, எது கத்தரிக்காய் விலை என்று தெரியாது. அப்படிப்பட்டவர்கள் டிட்டோ போட்டால், பாஸ்வேர்டுகள் மாதக் கணக்கில் ஒரு சாதாரணக் கோப்பில் எழுத்தாகக் கிடக்கும். உங்கள் விண்டோஸ் கணக்கைத் திறக்க முடிந்த யாரும் அந்தக் கோப்பையும் திறக்கலாம். முதலில் பாஸ்வேர்டுகளை ஒழுங்கான இடத்துக்கு மாற்றுங்கள், டிட்டோ அப்புறம்.

விண்டோஸில் கணினிகளுக்கிடையே கிளிப்போர்டை மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக ஒத்திசைக்கும் வசதியும் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஸ்விஃப்ட்கீ விசைப்பலகை போட்டால் கைபேசிக்கும் போகும். வசதிதான். ஆனால் இதை இயக்கினால் நீங்கள் காப்பி செய்வது உங்கள் கணினியை விட்டு வெளியே போகிறது என்பதை நினைவில் வைத்து முடிவு செய்யுங்கள். காப்பி செய்ததெல்லாம் தானாகப் போகட்டும் என்பதற்கும், நான் தேர்ந்தெடுத்தது மட்டும் போகட்டும் என்பதற்கும் தனித்தனித் தேர்வு இருக்கிறது. இயக்கியே ஆக வேண்டும் என்றால் இரண்டாவதை வையுங்கள். அலுவலகக் கணினியில் விண்டோஸ்-வியே வேலை செய்யவில்லை என்றால் அது பழுதில்லாமலும் இருக்கலாம். நிர்வாகி கொள்கை வைத்து நிறுத்தியிருக்கலாம். அங்கே டிட்டோவைப் பென்டிரைவில் கொண்டுபோய் ஓட்டும் குறுக்கு வழி வேண்டாம். ஐடி ஆளிடம் கேட்டுவிடுங்கள்.

காசு பற்றி எழுதாமல் விட்டதற்குக் காரணம், இதில் காசுக்கு வேலையே இல்லை என்பதுதான். சந்தா வாங்கும் மேனேஜர்கள், முக்கியமாக மேக்கில், அழகாக இருக்கின்றன. அழகுக்காகக் கொடுப்பதென்றால் கொடுக்கலாம்.

எனவே வீட்டுக் கணினி, கல்லூரி லேப்டாப், சாதாரண அலுவலக வேலை என்றால் விண்டோஸ்-வியை இயக்கி, நாலைந்து உருப்படிகளை பின் செய்துகொண்டு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து, "நேற்று காப்பி செய்தது எங்கே போச்சு" என்று திரும்பத் திரும்பத் தேடுகிறீர்கள் என்றால் டிட்டோ. தேடவே இல்லை என்றால் உங்களுக்கு அது தேவையில்லை. டிட்டோ போடுகிறவர்கள், எத்தனை நாளுக்குப் பிறகு தானாக அழிய வேண்டும் என்ற எண்ணை நிறுவிய அன்றே பார்த்து வையுங்கள். எனக்கு இரண்டு வாரம் சரியாக இருக்கிறது. அதற்கு மேல் வேண்டியதென்றால் அதற்கு ஒரு பெயர் வைத்துப் பூட்டிவிடுவேன். பழைய எழுத்துருக்களோடு வாழ்கிறவர், லினக்ஸும் விண்டோஸும் மாறி மாறிப் பயன்படுத்துகிறவர், விதி எழுதி வைக்கப் பிடிக்கிறவர்: காப்பிக்யூ.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் எதுவும் வேண்டாம் என்பேன். இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர் மாதிரி, ஒரே விண்டோஸ் கணக்கில் நாள் முழுக்க வெவ்வேறு ஆட்களின் வேலை நடக்கும் கணினி. அங்கே டிட்டோ ஓடினால் ஊரில் பாதிப் பேரின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் ஒரே கோப்பில் சேர்ந்துவிடும். யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை, அடுத்த வாடிக்கையாளர் படிவத்தில் முந்தையவரின் எண் போய் விழுவதற்கு ஒரு தவறான தட்டு போதும். படிவம் நிரப்பும் வேகம் வேண்டும், விண்டோஸ்-வி இல்லாமல் முடியாது என்றால், ஒவ்வொருவரும் எழுந்து போனதும் பெட்டியைத் திறந்து 'கிளியர் ஆல்' அடிக்கும் பழக்கம் வேண்டும். வாடிக்கையாளர் விவரம் எதையும் பின் செய்யக்கூடாது, ஏனென்றால் பின் செய்தது 'கிளியர் ஆல்'-க்கும் தப்பிவிடும். அந்தப் பழக்கம் வராது என்று தெரிந்தால் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் கிளிப்போர்டு என்ற பக்கத்துக்குப் போய் ஹிஸ்டரியை அணைத்துவிடுங்கள். ஒத்திசைவு பொத்தானும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது, அதுவும் அணைந்திருக்கிறதா என்று கையோடு பார்த்துவிடுங்கள்.